என் வயிறு, அவர்கள் டாக்டர்

கர்ப்பிணி உத்தியோகம் இருக்கிறதே, அதில் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. மேலதிகாரிகள் மட்டும் தெருவுக்குத் தெரு இருப்பார்கள். அந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை.

எனக்கு அது இரண்டாவது தடவை. முதல் தடவை, தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து என்னை அம்மா இருந்த ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பி வைத்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வாரம் ஒரு முறை வருவார். என் பிள்ளைக்குக் கிழமை பார்த்துப் பிறக்கத் தெரியவில்லை. பிறந்தது, அழவில்லை. சம்பிரதாயம் மட்டும் சௌக்கியமாகப் பிழைத்துக்கொண்டது. அடுத்த பிள்ளையை, மலாக்கா டவுனை ஒட்டிய காஜா பெராங்கில் எங்கள் வீட்டிலிருந்தே போய் ஒரு நல்ல டாக்டரிடம்தான் பெறுவது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். எனக்கு அழுகிற பிள்ளை வேண்டும், அவ்வளவுதான்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிற சமயம் அது. நாட்டை யார் ஆள்வது என்று பெண்களும் ஓட்டுப் போடலாம் என்றார்கள். எனக்கு யார் பிரசவம் பார்ப்பது என்பதில் மட்டும் எனக்கு ஓட்டு இல்லை.

ஆபீஸ் சிபாரிசு

என் கணவர் டவுனில் ஒரு கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. "டாக்டர் விஷயத்த என்கிட்ட விடு" என்றார். ஆபீஸ் முழுக்க விசாரித்து, ஒரு டாக்டரின் பெயரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிரசவம் பார்ப்பாரா என்று கேட்டேன். காய்ச்சல் பார்ப்பாராம், சொறி சிரங்கு பார்ப்பாராம், பல்லும் பிடுங்குவாராம். பிரசவம் என்று போனால் மாட்டேன் என்று சொல்ல மாட்டாராம்.

அப்படியென்ன விசேஷம் அவரிடம் என்றேன். என் கணவர் முகத்தில் ஒரு பக்தியே வந்துவிட்டது.

"என்ன வியாதின்னுகூடக் கேட்கமாட்டாரு. போய் உட்கார்ந்த உடனே மெடிக்கல் லீவு எழுதிக் குடுத்துருவாரு."

லண்டனில் படித்தவர்

அழுது அடம்பிடித்த பிறகு, பிரசவத்துக்கென்றே இருந்த ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். லண்டனில் படித்தவர், நல்ல தமிழர். எனக்குப் பசி எடுக்கிறதா என்று என் கணவரைக் கேட்டார். எடுக்கிறது என்று என் கணவர் சொன்னார். தூக்கம் வருகிறதா? வருகிறது. கால் வீங்குகிறதா? என் காலை இருவரும் குனிந்து பார்த்தார்கள். நான் ஏதோ அவர்கள் வாங்க வந்த ஆடு மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

போன பிரசவம் எப்படி என்று கேட்டபோது, "கொஞ்சம் சிரமம்" என்றார் என் கணவர். நான் குறுக்கே புகுந்தேன். "பிள்ளை செத்துப் போச்சு டாக்டர்" என்றேன். லண்டனில் படித்தவர் முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி என் கணவரிடமே சொன்னார்.

"உங்க சம்சாரம் நிறையப் பேசுறாங்க. கொஞ்சம் அமைதியா இருக்கச் சொல்லுங்க."

சாப்பாட்டு விவரம்

என் மாமியாருக்கு ஆஸ்பத்திரி என்ற பேச்சே ஆகாது. மருத்துவச்சியை வீட்டுக்குக் கூப்பிட்டால் போதும் என்பார். ஆஸ்பத்திரிதான் நல்லது என்று எனக்காகப் பரிந்து பேச ஒரே ஒரு ஆள் கிடைத்தார், பக்கத்து வீட்டுச் செட்டி மாமி. பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறித் தமிழை மறந்துபோன வம்சம்; அவர் கும்பிடுவது மாரியம்மனை, உடுத்துவது மலாய்ப் பெண்களின் கேபாயா சட்டை, பேசுவது மலாய். டவுனில் இருந்த ஆஸ்பத்திரி அத்தனையும் அவருக்கு அத்துப்படி. எங்கே காலையில் ரொட்டி, எங்கே கஞ்சி, எங்கே வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடுவார்கள் என்று விலாவாரியாகச் சொன்னார்.

டாக்டர்கள் எப்படி என்று கேட்டேன். மாமி சொன்ன மலாயைத் தமிழில் தருகிறேன்.

"பிள்ளை தன்னால வெளிய வந்துரும், குழம்பு தன்னால நல்லா இருக்காது."

பஸ் ஏறினேன்

கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒருநாள் தனியாகவே பஸ் ஏறி சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெஞ்சில் எல்லா ஜாதிப் பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே மெட்ராஸில் படித்த ஒரு பெண் டாக்டர். என்னிடமே கேள்வி கேட்டார். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளையின் கால் கீழே இருக்கிறது, வீட்டில் வைத்துப் பார்க்கிற பிரசவம் இல்லை, வலி எடுத்ததும் நேரே இங்கே வந்துவிட வேண்டும் என்றார். இத்தனை மாதம் எங்கே போயிருந்தாய் என்று அதட்டலும் விழுந்தது. நல்ல டாக்டராகத் தேடிக்கொண்டிருந்தேன் என்றேன்.

"தேடுனது போதும். இனிமே மாசாமாசம் வந்து சேரு."

கிழக்கே சூலம்

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். பிள்ளையின் கால் கீழே இருக்கிறது என்றதும் மாமியார்கூட ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்துவிட்டார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வலி வந்து தொலைத்தது ஒரு திங்கட்கிழமை காலையில். திங்கட்கிழமை கிழக்கே சூலம். ஆஸ்பத்திரியோ கிழக்கே இருக்கிறது. சூலம் இருக்கிற திசையில் புறப்படக் கூடாதே. மாமியார் பரிகாரத்துக்குத் தயிரைத் தேடினார். வீட்டில் தயிர் இல்லை. அப்படியானால் முதலில் மேற்கே கடற்கரைப் பக்கம் போய், அங்கிருந்து திரும்பினால் தோஷமில்லை என்று தீர்ப்பானது. பிள்ளையின் கால் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று யாரும் கவலைப்படவில்லை.

வாசலில் பெச்சா, அந்த ஊர் சைக்கிள் ரிக்‌ஷா, வந்து நின்றது. மிதிப்பவர் வயதான சீனர். என் கணவர் என் பக்கத்தில் ஏறிக்கொண்டு, தன் அம்மா சொன்னபடியே மேற்கே கையைக் காட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன். "தெருஸ், நேரே ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்று மலாயில் கத்தினேன். மாமியார் வாசலிலிருந்து என்னைவிட உரக்கக் கத்தினார். சீனர் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, வண்டியைக் கிழக்கே திருப்பினார்.

"யாருக்கு வலியோ அவங்கதான் தவுக்கே, முதலாளி. மத்தவங்க சும்மா உட்காரலாம்."

பார்வை நேரம்

கால்தான் முதலில் வந்தது. பிள்ளை முழுசாக வெளியே வந்தும் சத்தமில்லை. டாக்டர் முதுகில் தட்டினார். அப்போதும் சத்தமில்லை. போச்சு, இதுவும் போச்சு என்றுதான் நினைத்தேன். அப்புறம் கத்தினாள் பாருங்கள், அந்த வார்டே திரும்பிப் பார்த்தது. நானும் அவளோடு சேர்ந்து ஒப்பாரி வைத்தேன். பிள்ளைதான் பிழைத்துவிட்டதே, ஏன் அழுகிறாய் என்று நர்ஸ் மிஸ்ஸி திட்டினார். நான் நிறுத்தவில்லை.

சாயங்காலம் பார்க்க வந்த கூட்டம் கட்டிலைச் சுற்றி நின்றது. இந்தப் பெண் டாக்டர் எப்படிக் கிடைத்தார் என்று யாரோ கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

"மலாக்கா முழுக்க விசாரிச்சு, கடைசியில நான்தான் இவங்களப் பிடிச்சேன்."

ஆகவே சகோதரிகளே, நல்ல டாக்டரைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. வீட்டில் இருக்கிற டாக்டர்களையெல்லாம் தாண்டி அவரிடம் உயிரோடு போய்ச் சேருவதுதான் பிரசவம்.