ஹெலிகாப்டர் போகும்வரை

பிரசங்கம் பண்ணக் கற்றுக்கொடுப்பது பெரிய காரியமில்லை; நிறுத்தக் கற்றுக்கொடுப்பதில்தான் உயிர் போகிறது. இருபது நிமிடப் பிரசங்கத்தை ஒரு மணி நேரம் கேட்டு, அதற்கு மார்க்கும் போட்ட என் சக பாவிகளுக்கு இது புரியும்.

வலது கை

எங்கள் வேதாகமக் கல்லூரி உச்சிப்புளிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாணவர்கள் பதினான்கு பேர். கூரைக்கு மேலே கடற்படை ஹெலிகாப்டர் அடிக்கடி போகும். அந்தச் சத்தத்தில் அப்போஸ்தலன் பவுலே வந்து பேசினாலும் கேட்காது. அதனால் ஒரு விதி வைத்தேன்: சத்தம் வந்தால் வலது கையைத் தூக்கு, வாயை மூடு, அது போனபிறகு பேசு. மண்டபத்து மீனவர் வீட்டுப் பிள்ளை ஜெபசிங் வாயை மூடுவது அப்போது மட்டும்தான். ஒருநாள் கையை இறக்கியதும் சொன்னான்:

"சார், அது போறதுக்குள்ள இன்னும் ரெண்டு பாயிண்டு தோணிருச்சு."

உலை

மெஸ்ஸில் சமைக்கும் கதீஜா அக்கா கடிகாரம் பார்ப்பதில்லை. பிரசங்கி "கடைசியாக" என்றதும் உலையில் அரிசியைப் போடுவார். ஆமென் சொல்லும்போது சோறு வெந்திருக்கும். ஜெபசிங் பேசிய அன்று சோறு கூழாகிவிட்டது. அவனுக்காக நான் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க சார். இனிமே அந்தத் தம்பி மூணாவது 'கடைசியா' சொன்னாத்தேன் அரிசியே களைவேன்."

ஆமென்

ஜெபசிங்கின் படிப்பு முடிந்தது. போதகர் வேலைக்குப் போன இரண்டு சபைகள் அவன் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றுவிட்டன. மூன்றாவது, திருப்புல்லாணிப் பக்கம் ஒரு சின்ன சபை. இதுவும் போனால் பேசாமல் மீன்பிடிக்க வள்ளத்துக்கு வா என்று அவன் அய்யா சொல்லிவிட்டார். அவனை எனக்குப் பிடிக்கும். அதனால் பயத்தோடு கூடப் போனேன்.

பத்தாவது நிமிடம் வெளியே ஒரு தண்ணீர் லாரி வந்து நின்று இரைந்தது. ஜெபசிங் பழக்கதோஷத்தில் வலது கையைத் தூக்கி, வாயை மூடி, கூரையைப் பார்த்தான். லாரி நகரவில்லை. முன்னால் இருந்த பெண்கள் முழங்காலிட்டார்கள். ஒருவர் தேம்பி அழுதார். அதைப் பார்த்ததில் பையனுக்கு மிச்சப் பிரசங்கம் மறந்துபோனது. லாரி போனதும் "ஆமென்" என்று இறங்கிவிட்டான். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

சபை மூப்பர் நேராக என்னிடம் வந்தார்.

"வார ஞாயித்துக்கிழமையே தம்பி வந்துரட்டும் சார். கையத் தூக்கிட்டுச் சும்மா நின்னாகளே, அத எந்தப் பாடத்துல சொல்லிக்குடுக்கிறீக?"

இத்தனை வருடத்தில் நான் நடத்தி உருப்பட்ட ஒரே பாடம் ஹெலிகாப்டருடையது என்று அவரிடம் சொல்லும் அளவுக்கு எனக்கு விசுவாசம் போதவில்லை.