அப்பாவிடம் காட்டிய லோகோ

அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்று இன்றுவரை எனக்கு முழுதாகப் புரியவில்லை. செயலிகளைப் பயன்படுத்துகிறவர்களிடம் பேட்டி எடுப்பார்களாம். அந்தப் பேட்டிகளையெல்லாம் ஓரிடத்தில் போட்டுவைத்துப் படிக்க ஒரு இணையதளம் கட்டியிருந்தார்கள். அதற்கு லோகோ வேண்டும் என்றார்கள். காரைக்காலில் ஜவுளிக்கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் லோகோ போட்டுக்கொண்டிருந்த நான், பெரிய ஆளாகிவிட்ட நினைப்பில் ஒப்புக்கொண்டேன்.

முதலில் காது வரைந்தேன். அந்த நிறுவனத்துக்காக பெங்களூரிலிருந்து பேசிய பெண், காது மிஷின் விற்கும் கடை மாதிரி இருக்கிறது என்றாள். அடுத்து பூதக்கண்ணாடி. அது எல்லாரிடமும் இருக்கிறதாம். மூன்றாவதாக நாலைந்து வட்டங்களை ஒட்டவைத்தேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. அப்பா மட்டும் மூன்றையும் நல்லாருக்கு என்றார்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால் அப்பா பிரெஞ்சு நேஷனாலிட்டி. அண்ணன் பாரீஸ் பக்கம் இருக்கிறான். அப்பாவுக்கு முடியாமல் போனால் அன்றைக்கே அங்கே அழைத்துக்கொண்டு போய்விடுவேன் என்று ஒவ்வொரு போனிலும் சொல்வான். அப்பாவுக்கு அந்தப் பேச்சே ஆகாது. காலையில் காரைக்கால்மேட்டு ஏலத்துக்குப் போய் மீன் வாங்கி வராவிட்டால் அவருக்குப் பொழுதே விடியாது. கொஞ்ச நாளாக முழங்கால் வலி என்று ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போய்வந்தார்.

பெங்களூர்ப் பெண் ஒரு வழி சொன்னாள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள், என்ன தெரிகிறது என்று கேளுங்கள் என்றாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் வட்டங்களைக் காட்டிக் கேட்டேன். இட்லித் தட்டு என்றார். எரிச்சலாக வந்தது. அதே வேகத்தில் அப்பாவிடம் போய் லேப்டாப்பை நீட்டினேன்.

"நல்லாருக்கும்மா."

"அதைக் கேக்கலப்பா. என்ன தெரியுது, சொல்லுங்க."

திரைப் பக்கம் குனிந்தார். "காது நல்லா வந்துருக்கு" என்றார்.

திரையில் இருந்தது வட்டங்கள். காதைத் தூக்கிப் போட்டுப் பத்து நாள் ஆகிவிட்டது. கிண்டல் செய்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் போனில் காதைப் பற்றிப் புலம்பியது அவர் காதில் விழுந்திருக்கிறது, அதை வைத்துச் சொல்கிறார் என்று புரிய எனக்கு நேரம் பிடித்தது. அப்படியானால் அந்த முழங்கால் வலி பொய்யா? எவ்வளவு நாளாக? டாக்டரிடம் போனாரா? எதிலிருந்து கேட்பது என்று தெரியவில்லை. பயமாக இருந்தது. தினமும் அவர் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.

"வெளிச்சம் தெரியுது. நீ நிக்கிறது தெரியுது" என்றார். "அண்ணன்கிட்ட சொல்லிடாதம்மா. அழைச்சிக்கிட்டுப் போயிடுவான்."

தலையாட்டினேன். அவர் பதிலுக்காக இன்னும் என் பக்கம் முகத்தை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.