எருமை இருந்த இடத்தில்தான் இருந்தது

போன ஞாயிற்றுக்கிழமை சேஷாத்ரி பொய் சொன்னார்.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்காதீர்கள். மனிதர் மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசர். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மறந்தால் தேடிப்போய் வாங்குகிற ஜாதி. எனக்குப் பக்கத்து வீடு. தலைநகரத்து ஓரத்தில் ஜனக்புரியைத் தாண்டிக் கோதுமை வயலை மனை போட்டு விற்றார்களே... அங்கேதான் நாங்கள் இருவரும் வீடு கட்டிக்கொண்டோம்.

கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது — சட்டப்படி நாங்கள் கிராமத்தார்! போர்டில் 'என்க்ளேவ்' என்று பட்டணத்துப் பெயர் எழுதிவிட்டால் ஆயிற்றா? எங்களுக்குக் கிராமப் பஞ்சாயத்துதான். தண்ணீர்க் குழாய் கேட்டாலும் தெருவிளக்கு கேட்டாலும், "நீங்கள் நகர எல்லைக்குள் இல்லையே" என்று ஒரே பதில்.

சேஷாத்ரி மனு எழுத உட்கார்ந்தார்.

"ஒரு ஊர் டவுனா, கிராமமான்னு சென்சஸ்ல எப்படிப் பார்க்கறா தெரியுமோ? எத்தனை பேர் இருக்கா, எவ்வளவு நெருக்கமா இருக்கா, ஆம்பளைகள்ல முக்கால்வாசிப் பேர் விவசாயத்தை விட்டு வேற வேலை பார்க்கறாளா... நாம எல்லாத்துலயும் பாஸ், சார்."

"ஆம்பளைகள் மட்டும்தானா?" என்றார் அவர் மனைவி கமலா.

"ரூல் அப்படி" என்றார் இவர்.

உத்தரவு வந்தது. நாங்கள் நகரமானோம், பஞ்சாயத்து கலைந்தது. கமலா தெருவுக்கே பால்பாயசம் கொடுத்தார். பால், ராம்ப்யாரி வீட்டு எருமையுடையது.

ராம்ப்யாரி அந்தப் பழைய கிராமத்துக்காரி. புருஷன் இல்லை. அந்த ஒற்றை எருமையை வைத்து இரண்டு பெண்களை வளர்க்கிறாள். ஊர் நகரமானதும் நகரத்துச் சட்டமும் கூடவே வந்துவிட்டது. வீட்டில் மாடு வைத்துப் பால் விற்கக் கூடாதாம். எல்லைக்கு வெளியே மாட்டுப் பண்ணைக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டுமாம். ஓர் எருமையைக் கறக்க தினமும் இரண்டு பஸ் மாறிப் போவாளா?

சேஷாத்ரி வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் ஹிந்தியில் சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில் தருகிறேன்.

"பாபுஜி, நானும் எங்கேயும் போகலை, என் எருமையும் போகலை. பட்டணம்தானே எங்களைத் தேடி வந்துச்சு? நாங்க ஏன் கிளம்பணும்?"

எதற்கும் ரூல் சொல்கிற மனிதர் திரும்பி மனைவியைப் பார்த்தார். எனக்கும் மனசு கேட்கவில்லை. கமலாதான் முடிவெடுத்தார். சாயங்காலமே எருமை அவர்கள் வீட்டுக் கொல்லையில், கொய்யா மரத்தடியில் நின்றது.

ஞாயிறு காலை முனிசிபல் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

"யார் எருமை இது?"

கறந்துகொண்டிருந்த ராம்ப்யாரியின் கை நின்றுவிட்டது. உண்மையைச் சொன்னால் எருமை போய்விடும். இரண்டு பெண்களின் சாப்பாடும் அதோடு போகும்.

சேஷாத்ரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னுடையது."

"பால் விற்கிறீர்களா?"

"இல்லை. வீட்டு உபயோகத்துக்கு."

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். கையில் பாத்திரத்தோடு வரிசையாக நான், எதிர்வீட்டு சர்தார்ஜி, மாடிவீட்டு வங்காளி அம்மாள், இன்னும் பாதித் தெரு...

"இவர்களெல்லாம்?"

"சொந்தக்காரர்கள்" என்றார் சேஷாத்ரி.

தலைப்பாகை அசைய முதலில் தலையாட்டியவர் சர்தார்ஜி. பிறகு நாங்கள் எல்லாரும் ஆட்டினோம். இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வரத்தான் போகிறார்.

சேஷாத்ரி இப்போது இன்னொரு மனு எழுதிக்கொண்டிருக்கிறார் — ராம்ப்யாரிக்கு லைசென்ஸ் கேட்டு. அது கிடைக்கிற வரைக்கும் சர்தார்ஜி எனக்கு சித்தப்பா!