வைத்தி சாரின் ஏறுமுகம்

சமீபத்தில் எங்கள் செம்பூர் செஸ் டீம் உடையப் பார்த்தது. காரணம்? யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காத ஒரு கம்ப்யூட்டர்!

எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கும் தாணே சங்கத்துக்கும் போட்டி. ஆன்லைன் ரேட்டிங் யாருக்கு அதிகமோ அவருக்கு முதல் போர்டு, அதாவது எதிரணியின் முதல் ஆளோடு மோதும் பெருமை. அது வைத்தி சாருக்குத்தான். மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவர், இன்ஷூரன்ஸ் ஆபீஸ் மேனேஜர். லோக்கல் ட்ரெயின் நெரிசலில் ஒரு கையில் கம்பி, மறு கையில் போனில் செஸ். தன் ரேட்டிங்கைக் கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

தாராவியில் அப்பாவோடு தோல் பேக் கடை நடத்தும் செல்விக்கு டீமில் இடமே இல்லை. நல்ல ரேட்டிங்கில் இருந்தவள்தான்... திடீரென்று சரிந்துவிட்டாள்.

அந்த செஸ் தளத்தில் கம்ப்யூட்டர்களுக்கும் அக்கவுண்ட் உண்டு. நம்மைப் போலவே ஜெயித்தால் ரேட்டிங் ஏறும், தோற்றால் இறங்கும். அதில் ஒன்று தனக்குச் சமமான ரேட்டிங்கில் இருக்கிறதே என்று நம்பி, செல்வி மறுபடி மறுபடி மோதியிருக்கிறாள். அடி என்றால் அப்படியொரு அடி!

இவ்வளவு பலசாலிக்கு இவ்வளவு குறைந்த ரேட்டிங்கா? சந்தேகப்பட்டு, அது தோற்ற ஆட்டங்களைத் திறந்து பார்த்தாள். ஜெயித்தவர்கள் — வைத்தி சாரும் அவருடைய ட்ரெயின் சகாக்களும். ஆட்டம்? எல்லாமே ஒரே ஆட்டம்!

ஒரே நகர்த்தலுக்கு எப்போதும் ஒரே பதில்தான் கொடுக்கும் அந்த அப்பாவி. எப்படியோ ஒருமுறை ஜெயித்த சார், அதே ஆட்டத்தை மனப்பாடம் செய்து தினமும் ஒப்பித்திருக்கிறார்; சகாக்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவர் ஏற ஏற, அது இறங்கியிருக்கிறது.

சங்கக் கூட்டத்தில் செல்வி எழுந்தாள். "என்ன சார் இப்படிப் பண்ணிட்டிய?"

"அரே, அது மெஷின்தானேம்மா? அதுக்கென்ன, மானமா போயிடப்போறது?"

"அதுக்குப் போகல சார். அத நம்பி ஆடுன எனக்குல்லா போச்சு!"

சபையில் சலசலப்பு. "இங்கேயே ஒரு ஆட்டம் ஆடிடுங்களேன்" என்றேன் நான்.

வைத்தி சார் வாய்ப்பாடு சொல்வது போல மளமளவென்று நகர்த்தினார். செல்வி குதிரையை எடுத்து வைத்தாள். அவர் கை அந்தரத்தில் நின்றது.

"அங்க ஏன் குதிரை? பிஷப்னா வரணும்!"

"அது கம்ப்யூட்டர் வைக்கும் சார். நான் செல்வி."

கிளாஸில் ஊற்றிய சாய் ஆறுவதற்குள் அவருடைய ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை. வைத்தி சார் தன் ராஜாவைச் சாய்த்து வைத்தார். பிறகு, "முதல் போர்டு இவளுக்கே குடுத்துடுங்கோ" என்றார்.

போன ஞாயிறு தாணேயில் செல்வி ஜெயித்தாள். எல்லோரையும் விடப் பலமாகக் கைதட்டிய வைத்தி சார், பக்கத்தில் இருந்த தாணேக்காரரிடம் சொன்னார்:

"நம்ம பொண்ணு சார்! நான்தான் கோச்!"

எந்த கம்ப்யூட்டருக்கு வரும் இந்த நகர்த்தல்?