டார்ச் அக்காவும் சைக்கிள் விளக்கும்

ஒற்றைச் செருப்போடு வேலைக்கு வந்தவள் என்று டார்ச் அக்காவைப் பற்றித் தியேட்டரில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். முதல் ஆளாகச் சிரிப்பவள் அவள்தான். பஸ்ஸை விட்டு இறங்கும்போது இடது செருப்பு படிக்கட்டிலேயே தங்கிவிட்டது. பஸ் அதை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. இவள் பாட்டுக்குக் கடைத்தெரு முழுவதும் நடந்து வந்திருக்கிறாள்.

"என்னக்கா, இன்னொண்ணு பின்னால வருதா?" என்று கேட்டார் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர்.

குனிந்து பார்த்த பிறகுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. பாதத்தில் கல் குத்திய தடம் இருந்தது. குத்தியது மட்டும் தெரியவே இல்லை. அன்றைக்கு அவளும் சிரித்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

படம் ஆரம்பித்த பிறகு வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து இடம் காட்டுவது அவள் வேலை. பதினேழு வருடமாக அதே இருட்டு, அதே படிகள். திரையை அவள் பார்ப்பதே இல்லை. ஓரமாக நின்று, திரை வெளிச்சம் விழும் முகங்களைத்தான் பார்ப்பாள். மொத்த அரங்கமும் வாயைப் பிளந்து சிரிக்கும்போது அவளுக்குக் கிடைக்கும் சந்தோஷம் டிக்கெட் வாங்கியவனுக்குக்கூடக் கிடைக்காது. எல்லோரும் மூக்கை உறிஞ்சினால் இவளும் சேர்ந்து அழுவாள், கதை என்னவென்றே தெரியாமல்.

அந்த அழுகைதான் முதலில் நின்றது. கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்தியதே தவிர, ஒரு சொட்டு வரவில்லை. கண் டாக்டரிடம் போனாள். வாய் உலர்ந்துபோய், தண்ணீர் குடிக்காமல் பிஸ்கட் இறங்கவில்லை. பற்கள் ஒவ்வொன்றாகச் சொத்தையாக, பல் டாக்டரிடம் போனாள். பிறகு கால் மரத்தது. குளியலறையில் முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் போதும், உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்ணைத் திறந்தால் சரியாகிவிடும். இதற்கு எந்த டாக்டரிடம் போவது என்று தெரியாததால் அவள் போகவில்லை.

அப்புறம் ஒரு மத்தியானக் காட்சியில் அது நடந்தது. ஒரு குடும்பத்துக்கு இடம் காட்டிவிட்டுத் திரும்பியவள், படி எங்கே, தன் கால் எங்கே என்று தெரியாமல் தடுமாறி, ஓரத்து இருக்கையில் இருந்த ஆஜானுபாகுவான ஒருவர் மடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். பாப்கார்ன் மழையாகக் கொட்டியது. அவர் மனைவியின் முகத்தைப் பார்க்க அன்றைக்கு ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

மேனேஜர் மறுநாள் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் பயந்த சுபாவம்.

"இன்னொரு தடவ விழுந்தா உனக்கும் ஆபத்து, பாக்க வர்றவங்களுக்கும் ஆபத்து. கவுண்டர்ல உக்காந்து டிக்கெட் குடும்மா. அதே சம்பளம்தான்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் நீட்டும் கைகள் மட்டும்தான் தெரியும், முகங்கள் ஏது? "ஒரு மாசம் குடுங்க சார், டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன்" என்று கெஞ்சி வாங்கினாள்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா முதலில் அவளை நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். அவள் சரிந்தபோது தாங்கிப் பிடித்துக்கொண்டார். கால் கட்டைவிரலை மேலும் கீழும் அசைத்து, "இப்ப மேலயா, கீழயா?" என்று கேட்டார். அவள் சொன்னதெல்லாம் தப்பு. ரத்தம் எடுத்தார்கள், நரம்பில் மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். கண், வாய், கால் மூன்றும் ஒரே நோய் என்று தெரியவந்தது.

"ஷோக்ரன்னு பேரு. இணைப்புத் திசு நோய்கள்னு ஒரு பெரிய குடும்பம் இருக்கும்மா, அதுல இது ஒண்ணு. உங்க தியேட்டர் வாட்ச்மேனே உள்ள வேல செய்யறவங்கள அடையாளம் தெரியாம அடிச்சா எப்படி? அந்த மாதிரி உடம்போட காவல் உடம்பையே அடிக்குது. கண்ணீர் சுரக்கற இடத்த அடிச்சுது, எச்சில் சுரக்கற இடத்த அடிச்சுது. இப்ப கால் எங்க இருக்குன்னு மூளைக்குச் சொல்ற நரம்பையும் அடிக்குது."

"சரியாயிடுமா டாக்டர்?"

"மேல போகாம நிறுத்தப் பாக்கலாம். போனது முழுசா திரும்பும்னு சொல்லமாட்டேன். கால் சொல்லாதத இனிமே கண்ணுதான் சொல்லணும். கால் தெரியலேன்னா நின்னுடுங்க. வீறாப்பு வேணாம்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் ஒப்பித்தாள். அவர் சைக்கிள் கடை வைத்திருப்பவர். உலகத்தில் ஸ்பேனரால் தீராத பிரச்சினை கிடையாது என்று நம்புகிறவர்.

"கால் தெரியணும், அவ்ளோதானே?" என்றார். "எல்லார் காலுக்கும் வெளிச்சம் காட்டற. உன் காலுக்கு யார் காட்டறது?"

மறுநாள் பழைய சைக்கிள் விளக்கு ஒன்றைப் பெல்ட்டில் பொருத்தி, அவள் இடுப்பில் கட்டிவிட்டார். வெளிச்சம் நேராக அவள் பாதங்களில் விழுந்தது.

"பெல் மட்டும்தான் பாக்கி" என்றாள் அவள்.

"வேணும்னா அதையும் மாட்டறேன்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

கேட்டு வாங்கிய ஒரு மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அரங்கு நிறைந்த காட்சி. மேனேஜர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டார். எதற்கு வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். மாத்திரைகளால் மரப்பு மேலே ஏறாமல் நின்றிருந்தது, ஆனால் கால்கள் இன்னும் வாய் திறக்கவில்லை. படம் தொடங்கிய பிறகு ஒரு பெரிய கும்பல் வந்து சேர்ந்தது. முன்பெல்லாம் பின்னால் நின்று டார்ச் அடிப்பாள். இப்போது முன்னால் நடந்தாள். வெளிச்சத்தில் அவள் பாதங்கள் படி படியாக இறங்க, அவை போகும் இடத்தில் தங்கள் காலை வைத்து மொத்தக் கும்பலும் இறங்கியது.

பாதி வழியில் பெல்ட் நழுவி, விளக்கு பக்கவாட்டில் திரும்பிவிட்டது. பாதங்கள் காணாமல் போயின. பழைய அக்காவாக இருந்தால், மானம் போகிறதே என்று அடுத்த அடியை வைத்திருப்பாள். இவள் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். "என்னாச்சுக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கால தேடறேன், இருங்க" என்றாள். விளக்கைத் திருப்பினாள். கிடைத்துவிட்டது. மிச்சப் படிகளையும் இறங்கி, எல்லோரையும் உட்காரவைத்தாள்.

திரும்பி மேலே வந்தபோது மேனேஜர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். "அந்த விளக்கு எங்க கிடைக்கும்? இந்தப் படியில நானே ரெண்டு தடவ விழுந்திருக்கேன், வெளிய சொல்லல" என்றார். கவுண்டர் பேச்சை எடுக்கவே இல்லை.

அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஓவென்று அழவேண்டும் போலிருந்தது, கண்தான் ஒத்துழைக்கவில்லை. உலர்ந்த கண்ணுக்கென்று டாக்டரம்மா கொடுத்திருந்த சொட்டு மருந்தைப் பையிலிருந்து எடுத்துக் கண்ணுக்கு இரண்டிரண்டு சொட்டாக விட்டுக்கொண்டாள். அது கன்னத்தில் வழிந்தது. துடைக்காமல் விட்டாள்.

"ஏம்மா, அழறியா?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார்" என்றாள்.