தவிட்டுக்கு வாங்கிய பெண்

குழந்தையைப் பார்த்து, “உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்” என்று சொல்லிச் சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. போன மாதம்கூட ஒரு கல்யாண வீட்டில் ஒரு மனிதர் தன் சின்ன மகளிடம் அப்படிச் சொன்னார். அது உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழுதது. பந்தி என்றும் பாராமல் அவரை ஒரு பிடி பிடித்துவிட்டேன். “சும்மா வேடிக்கைக்குச் சொன்னேம்மா” என்றார். வேடிக்கையாம். சொல்கிறவருக்கு வேடிக்கை, கேட்கிற பிள்ளைக்கு அது வேடிக்கை இல்லை. எனக்குத் தெரியும். ஏனென்றால் என்னை நிஜமாகவே தவிட்டுக்கு வாங்கினார்கள்.

கடலூர் முதுநகரில், உப்பனாற்றுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அப்பாவுக்கு ஒரு மல்லாட்டை மண்டியில் மூட்டை நிறுக்கிற வேலை. எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து, இரண்டும் வருஷம் திரும்புவதற்குள் தவறிவிட்டன. அப்படிப் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்தது பிறந்தால், அதைக் குப்பைமேட்டில் போட்டுவிடுவார்கள். வேறொருத்தி எடுத்துக்கொள்வாள். பிறகு அவளிடம் தவிட்டைக் கொடுத்து விலைக்கு வாங்கிக்கொள்வார்கள். தேடி வருகிற எமன், ‘இது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை, தவிட்டுக்குப் போன சரக்கு’ என்று திரும்பிப் போய்விடுவானாம். என்னை எடுத்தவளும் விற்றவளும் எதிர்வீட்டுத் தயிர்க்காரம்மாள். விலை மூன்று பிடி தவிடு.

அதோடு விட்டார்களா? பெயரையும் குப்பையோடு சேர்த்தே வைத்தார்கள். அதை இங்கே எழுத மாட்டேன், பள்ளிக்கூடத்தில் பட்டதே போதும். தீபாவளிக்குக்கூடப் புதுத்துணி கிடையாது, யாராவது கட்டிக் கழித்த பாவாடைதான். எல்லாவற்றுக்கும் மேலே, பெற்றவளை நான் ‘அம்மா’ என்று கூப்பிடக் கூடாது. ‘அக்கா’ என்றுதான் கூப்பிட வேண்டும்.

இதற்கெல்லாம் காரணம் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பிள்ளைக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்கள். பிள்ளைக்கு எல்லாம் தெரியும், பாதி பாதியாகத் தெரியும். அதுதான் ஆபத்து.

ஆனாலும் அந்தத் தெருவை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கருவாட்டு வாசனையும் வேகிற மல்லாட்டை வாசனையும் கலந்து வரும். உலகச் சண்டைக் காலம், மண்ணெண்ணெய் கிடைக்காது, அதனால் வெளிச்சம் இருக்கும்போதே சோறு போட்டுவிடுவார்கள். பொழுது சாய்ந்ததும் எங்கள் ஆட்டம் கலையும். “அம்மா, பசிக்குது” என்று கத்திக்கொண்டே மற்றப் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடும். நான் வாயைத் திறக்காமல் நடந்து போவேன்.

அம்மா என்னை நாலு பேர் எதிரில் கொஞ்சியதில்லை. “சனியனே, வந்து தொலை” என்றுதான் அழைப்பாள். வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கும்போது மட்டும் அவள் கை என் தலையில் வேண்டிய நேரத்துக்கு மேல் இருக்கும். அது எனக்குப் பிடிக்கும். ஆனால் அக்காவின் கைதானே என்று நினைத்துக்கொள்வேன்.

தயிர்க்காரம்மாளோ அதற்கு நேர் எதிர். பானையைத் தலையிலிருந்து இறக்கும்போதே, “எங்கடி என் பொண்ணு?” என்பாள். என் உள்ளங்கையில் தயிர் ஏடு வைத்து நக்கச் சொல்வாள். இவள்தான் என் அம்மா, ஏதோ கஷ்டத்தில் என்னை விற்றுவிட்டாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எனக்கு ஆறு வயதானபோது அவள் சிதம்பரத்தில் இருந்த அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். அங்கே கீழவீதியில் தயிர் விற்பதாகச் சொன்னார்கள். தெற்கே போகிற ரயில் ஊதும்போதெல்லாம் நான் கொல்லைக்குப் போய் அழுவேன்.

ஏழு முடிந்து எட்டு நடக்கும்போது எனக்கு டைபாய்டு வந்தது. இப்போது இருக்கிற மாத்திரையெல்லாம் அப்போது ஏது? இருபத்தொரு நாள் காய்ந்து, காய்ச்சல் தானாக இறங்க வேண்டும். அதுவரை பார்லித் தண்ணீரும் சாத்துக்குடிச் சாறும்தான். பக்கத்து வீட்டில் பண்ருட்டிப் பலாப்பழம் அறுத்த வாசனை வந்து என்னைப் பைத்தியம் பிடிக்க வைத்தது. பத்தாம் நாளோ என்னவோ, நான் பார்லியையும் நிறுத்திவிட்டேன். அம்மா டம்ளரைக் கொண்டுவந்தால் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

“எங்கம்மா வந்தாத்தான் குடிப்பேன்” என்றேன்.

அம்மாவின் முகம் எப்படிப் போயிற்று என்று நான் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவ்வளவு வீம்பு.

இரண்டு நாள் அப்படியே போயிற்று. டாக்டர் வந்து என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். “தண்ணி எறங்கலன்னா ஒடம்பு தாங்காது. நாளைக்குள்ள ஏதாவது உள்ள போவணும். அப்புறம் என் கையில இல்ல” என்று அப்பாவிடம் சொன்னார். எனக்கும் காதில் விழுந்தது. நானா மசிவேன்?

அம்மா அப்பாவிடம், “காலம்பற வண்டிக்கே சிதம்பரம் போங்க. தயிர்க்காரம்மாவக் கூட்டிட்டு வாங்க. அதோட அம்மா அவுங்கதான்னு அது நெனச்சா, அப்படியே இருந்துட்டுப் போவட்டும்” என்றாள். சொல்லி முடிக்கும்போது அவள் குரல் உடைந்தது.

மறுநாள் உச்சிவேளைக்குத் தயிர்க்காரம்மாள் வந்துவிட்டாள். வியாபாரத்தைப் போட்டது போட்டபடி வந்திருக்கிறாள், புடவையில் மோர் வாடை. என் தலையை மடியில் வைத்துக்கொண்டு டம்ளரை நீட்டினாள். மடக்மடக்கென்று குடித்தேன். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள்.

மூன்று நாள் அப்படி அவள் கையால் குடித்தேன். நாலாம் நாள் மத்தியானம், கொஞ்சம் தெம்பு வந்ததும், “என்னையும் சிதம்பரத்துக்குக் கூட்டிட்டுப் போம்மா” என்றேன்.

தயிர்க்காரம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “யாருடி உனக்கு அம்மா? நானா? உன்னப் பத்து மாசம் சொமந்தவ அதோ கதவோரமா நிக்கிறா” என்றாள். குப்பைமேடு, தவிடு, எனக்கு முன்னால் போன இரண்டு பேர், எல்லாவற்றையும் அப்போதுதான் ஒன்றுவிடாமல் சொன்னாள். நான் நம்பவில்லை.

“நீதான என்ன வித்த?”

“வித்தேன்டி. வித்த சரக்குக்கு நான் எப்படிச் சொந்தம் கொண்டாடறது? பெத்தவளும் அவதான், வாங்குனவளும் அவதான். அவளுக்கு ரெண்டு பாத்தியதை இருக்கு. கூப்புடு, அம்மான்னு.”

“வேணாம்” என்றாள் கதவோரம் நின்ற அம்மா. “வேணாம் தயிர்க்காரம்மா, சொல்ல வைக்காதீங்க.”

எனக்கு அந்த ‘வேணாம்’தான் வலித்தது. பெற்றவள் என்றால் ஏன் வேண்டாம் என்கிறாள்? வேண்டுமென்றே அவளைப் பார்த்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி, “அம்மா” என்று கத்தினேன்.

அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். வீட்டில் நாங்கள் மூன்றே பேர். அப்படியும் அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“ரெண்டாவது பய அம்மான்னு கூப்ட்டான்டி” என்றாள் மெதுவாக. “பத்து மாசத்துல கூப்ட்டுட்டான். நான் தெருப் பூரா சொல்லிட்டு வந்தேன், எம் புள்ள என்ன அம்மான்னு கூப்ட்டுதுன்னு. எட்டே நாளு. போயிட்டான்.”

அப்போதும் என் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

“எனக்கு ஆசையில்லன்னு நெனச்சியா? நீ இருந்தாப் போதும்டி. என்ன என்னான்னு வேணா கூப்புடு.”

தயிர்க்காரம்மாள் என் தலையை மடியிலிருந்து எடுத்துத் தலையணையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அடுப்பங்கரையில் அவள் மூக்கைச் சிந்துவது கேட்டது. நான் அம்மாவின் கையை விலக்கினேன். அவள் பயந்துபோய் என் உதட்டையே பார்த்தாள்.

“அக்கா” என்றேன். “பார்லி குடு.”

அன்றைக்கு அவள் கையால் ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தேன். அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் அவள் இருந்தாள். ஒரு தடவைகூட நான் அவளை அம்மா என்று கூப்பிடவில்லை.