சேவலுக்கு ஒரு சிவப்புக் கொண்டை

ஆம்பூரில் எங்கள் வீட்டுக் கூரை சிமென்ட் ஷீட். மே மாத மதியத்தில் அதன் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புத்தி சரியாக வேலை செய்யாது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். செய்த தப்புக்கு ஏதாவது சாக்கு வேண்டாமா?

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவும் அப்பாவும் ஷூ கம்பெனிக்குப் போய்விட்டால், வீட்டில் நானும் சித்தியும்தான். சித்தி அம்மாவின் தங்கை. பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டிலேயே ஷூவின் மேல்பாகம் தைத்துக்கொண்டிருந்தாள். பாய் ஒருவர் வண்டியில் மூட்டை கொண்டுவந்து போடுவார், தைத்ததும் எடுத்துப்போவார்.

மதியம் சாப்பிட்டதும் சித்தி ஊசியை ஓரமாக வைப்பாள். தரையில் தண்ணீர் தெளித்து, ஒரு சொம்பு எலுமிச்சை ஜூஸை நடுவில் வைத்துக்கொண்டு, இருவரும் குப்புறப் படுத்துக்கொள்வோம். கழித்துப்போட்ட தோல் துண்டுகளை வெட்டிப் பறவைகள் செய்வோம். சித்தி கண் ஒட்டினால் காக்கா நம்மையே முறைக்கும், அத்தனை கெட்டிக்காரி! குறை ஒன்றுதான். துண்டுகள் கறுப்பும் பழுப்புமாகவே கிடைத்தன. வீடு முழுக்கக் காக்கா பெருகிவிட்டது.

அந்த வாரம் வந்த மூட்டையில் நல்ல ரத்தச் சிவப்பில் குழந்தைகள் ஷூ. "இந்த லாட் க்ளீனா வந்துச்சுன்னா, உன்ன உள்ள செக்கிங்ல போடச் சொல்றேம்மா" என்றார் பாய். கழுத்தில் போட்டோ கார்டு மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறுவதுதான் சித்தியின் ஒரே ஆசை. போட்டோகூட எடுத்து வைத்துவிட்டாள். ஜோடியில் ஒன்று கெட்டால் இரண்டும் வீண் என்று என்னிடம் நூறு முறை சொன்னாள்.

நான் நன்றாகவே கேட்டுக்கொண்டேன். அதுதான் வினையாகப் போயிற்று.

பழுப்புத் தோலில் நான் செய்த சேவலுக்குச் சிவப்புக் கொண்டை இல்லை. சித்தி குளிக்கப் போன நேரம் பார்த்து, தைத்து வைத்திருந்த ஒரு ஜோடியை உருவினேன். கயிறு கட்டும் இடத்துக்கு அடியில் இருக்கும் நாக்கின் ஓரத்தை மட்டும் வெட்டினேன். போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஜோடி கெடக் கூடாதே என்று மற்ற காலிலும் அதே அளவு வெட்டினேன். ஸ்கேல் வைத்து அளந்தும் பார்த்தேன். கச்சிதம்!

மறுநாள் காலை பாய் மூட்டையைப் பிரித்தார்.

"இன்னாம்மா இது, எலி கடிச்சிடுச்சா?" மற்ற காலையும் திருப்பிப் பார்த்தார். "எலி ஜோடி பாத்தா கடிக்கும்?"

சித்தி என்னைப் பார்த்தாள். நான் சேவலை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கத்திரி தவறிடுச்சு பாய்."

"ரெண்டு கால்லயுமா?"

"ஆமா பாய். என் தப்புதான்."

"பேஜாராப் போச்சேம்மா. மேல இன்னா பதில் சொல்வேன் நானு?" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனவர் அதன்பிறகு வரவில்லை.

சித்தி என்னை அடிக்கவில்லை. சேவலை வாங்கிப் பார்த்து, "கொண்டை நல்லாகீதுடி" என்றாள். அடி விழாததால் தப்பு சின்னதுதான் போலிருக்கிறது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அம்மாவிடம் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை.

மூட்டை நின்றதும் சித்தி காலையிலிருந்து சாயங்காலம்வரை எனக்கே கிடைத்தாள். மயில் செய்தோம், மரங்கொத்தி செய்தோம். எனக்குக் கொண்டாட்டம்தான். அதற்குள், சும்மா இருக்கிற பெண்ணை எத்தனை நாள் வீட்டில் வைத்துக்கொள்வது என்று அப்பா பேச ஆரம்பித்து, குடியாத்தத்தில் மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார்கள். உனக்கு இஷ்டமா என்று அவளை யாரும் கேட்கவில்லை.

பள்ளி திறந்ததும், விடுமுறையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். 'சித்திக்கு வேலை போய்விட்டதால் நாங்கள் நாள் முழுவதும் விளையாடினோம். ஒவ்வொரு வருஷமும் இப்படியே நடக்க வேண்டும்' என்று எழுதினேன். டீச்சர் 'வெரி குட்' போட்டார். ஓடிவந்து சித்திக்குப் படித்துக் காட்டினேன்.

கேட்டுவிட்டுச் சித்தி அழுதாள். அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறேனாக்கும் என்று, முதலிலிருந்து மறுபடியும் படித்தேன், இன்னும் சத்தமாக.